மலைப்பக்கம்

கொமரலிங்கத்தில் தெற்கு என்ற சொல்லுக்கு அதிகம் வேலை கிடையாது. மலைப்பக்கம் என்றால் முடிந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நெல்வயல், அதற்கப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே மலை. எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் அது அங்கே இருக்கும். வீட்டுக்குள்ளும் இதே பேச்சுதான். கட்டிலை மலைப்பக்கம் தள்ளிப் போடு என்பார்கள். உப்பு டப்பா அடுப்புக்கு மலைப்பக்கம் இருக்குது பார் என்பார்கள். ஜன்னல் இல்லாத அறையில் இருந்தாலும் அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மலைப்பக்கம் எதுவென்று யோசிக்க வேண்டியதில்லை. அது உடம்போடு வந்தது.

மைதிலி அந்தப் பேச்சை மடத்துக்குளத்துப் பனியன் கம்பெனிக்குள்ளும் கொண்டுபோயிருந்தாள். செக்கிங் மேசையில் அவளுக்கு எதிரே நிற்பவள் நித்யஸ்ரீ. தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கை வேலை செய்தாலும் வாய் சும்மா இருக்காது.

"ஓட்ட விழுந்த பீசெல்லாம் மலைப்பக்கமாப் போடு கண்ணு" என்பாள் மைதிலி.

"ஏக்கா, கம்பெனிக்குள்ள மலைய எங்க போய்த் தேடுறது? முதலாளி அதையும் வாங்கிப் போட்டுட்டாரா?"

"தெக்க போடுன்னேன்."

"அப்பத் தெக்கன்னே சொல்லுங்க. எங்க ஊர்ல மலை வடக்க நிக்கும். உங்க பேச்சக் கேட்டு நான் வடக்க போட்டுவச்சா, சூப்பர்வைசர் என்னையத்தான் ஏசுவாரு."

"மலை எப்புடிறீ வடக்க நிக்கும்? கட்டி வெச்ச எருமையா அது, திரும்பிப் படுத்துக்கறதுக்கு?"

மேசையே சிரிக்கும். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்ததும் அத்தனை தலையும் துணிக்குள் குனிந்துகொள்ளும்.

மைதிலியின் புருஷன் செந்தில்வேலும் அதே கம்பெனியில்தான் அயர்ன் மாஸ்டராக இருந்தான். அமெரிக்காவுக்குப் போகிற துணிக்கு வரி ஏறிய பிறகு ஆர்டர் குறைந்தது. முதலில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். பிறகு அயர்ன் மேசைகளில் பாதியைத் துணி போர்த்தி மூடினார்கள். மூடியதில் செந்தில்வேலின் மேசையும் ஒன்று. உடுமலை, பல்லடம், திருப்பூர் என்று அலைந்து பார்த்தான். போன இடத்திலெல்லாம் மேசைகள் போர்த்திக் கிடந்தன. அடுத்த வீதியில் இருக்கிற பாரூக், கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் எடுத்து விற்பவர். வெட்டத் துணி இல்லாத இடத்தில் வேஸ்ட் ஏது? அவரோடு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தம்பி முபாஷிரும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் மரம் வெட்டுகிற வேலை என்று மேஸ்திரி ஒருவர் ஆள் சேர்த்தபோது இரண்டு பேரும் கிளம்பினார்கள். வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் வந்தவள் பாரூக்கின் மனைவி குல்சார் பேகம். மாமியார் போன பிறகு முபாஷிரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான்.

"செந்திலண்ணன உட்டு நவுராத. அவரு சொல்றதக் கேட்டு நட" என்றாள் அவனிடம். பிறகு செந்தில்வேலைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, இவன் பேச்சக் கேட்டு நீங்க எங்கியும் போயிராதீங்க. இவனுக்குத் தோணுனதுதான் இவனுக்கு வழி" என்றாள்.

"எங்கூடத்தான இருக்கப் போறான். நா பாத்துக்கறனுங்க" என்றான் செந்தில்வேல்.

"அண்ணி, நா என்ன பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்று முபாஷிர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான்.

மேலே போன பிறகு டவர் கிடைக்கும்போதெல்லாம் செந்தில்வேல் கூப்பிட்டான். அவர்கள் வெட்டுவது வாட்டில் மரம். எந்தக் காலத்திலோ வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அது புல்லையெல்லாம் விழுங்கிக்கொண்டு பரவுகிறதாம். அதை வெட்டி எடுத்துவிட்டு, பழையபடி புல் வளர விடுகிறார்களாம்.

"புல்லு மொளைக்கறதுக்கா மரத்த வெட்டறாங்க?" மைதிலியால் நம்ப முடியவில்லை. "நம்மூர்ல புல்லப் புடுங்கறதுக்கில்ல கூலி குடுக்கறோம்?"

"இங்க மரந்தான் புள்ள களை. நீ வந்து பாத்தாத்தான் தெரியும். மேடு, பள்ளம், மறுக்கா மேடு. அம்புட்டும் புல்லு. அயர்ன் போடாத துணியக் கண்ணுக்கெட்டுன வரைக்கும் விரிச்சு உட்டாப்பல கெடக்குது. பள்ளத்துக்குள்ள மட்டும் கொஞ்சம் சோலை. ஒரு மேட்டுல ஏறி நின்னா, அடுத்த மேடும் அச்சுல வார்த்தாப்பல அதே மாதிரி நிக்குது. எது வந்த வழி, எது வராத வழின்னே தெரியறதில்ல."

"தெரியலீன்னா மலையப் பாத்துக்கங்க" என்றாள் மைதிலி.

அவன் சிரித்தான். "அதுஞ் செரிதான்" என்றான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை டீ பிரேக்கில் போன் வந்தது. மைதிலி டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏம் புள்ள, சார்ஜ் இல்ல. சொல்றதக் கேளு. மஞ்சு எறங்கிருச்சு. நாங்க தங்கற செட்டுக்குப் போற வழி தெரியல."

"முபாஷிரு?"

"கூடத்தான் இருக்கறான். மழைன்னு வேலையில்ல. டவர் கெடைக்குதான்னு மேடு மேடா ஏறி வந்தோம். திரும்பிப் பாத்தா ஒண்ணையுங் காணோம். மேஸ்திரிக்குப் போன் போக மாட்டீங்குது."

"இருங்க, இருங்க."

அவள் கம்பெனியின் பின்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கீழே நல்ல வெயில். மக்காச்சோளக் காட்டுக்கு அப்பால் மலை முழுசாகத் தெரிந்தது. அதன் மேல் விளிம்பில் மட்டும் நீளமாக ஒரு வெள்ளை மேகம் படுத்துக் கிடந்தது. தன் புருஷன் அந்த மேகத்துக்குள் நின்றுதான் பேசுகிறான்.

"உங்களுக்கு என்ன தெரியுது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஒண்ணுமே தெரியல. வெள்ளையா... இரு, வெலகுது. மலை தெரியுது புள்ள. நேரா முன்னால. பெருசா, கருப்பா."

மைதிலிக்கு மூச்சு வந்தது.

"அப்பறம் என்னத்துக்குப் பயப்படறீங்க? மலை தெரியுதில்ல? அதுக்கு முதுகக் காட்டித் திரும்புங்க. திரும்பிட்டீங்களா? இப்ப உங்க மூஞ்சிக்கு நேரா வடக்கு. வடக்கதான நம்மூரு? அப்படியே நடந்தா ரோடு வந்துரும்."

பின்னாலிருந்து முபாஷிரின் குரல் கேட்டது. "அண்ணே, வர்றப்ப அந்த மலை இந்தக் கையில இருந்துச்சுண்ணே. இப்படிப் போகக் கூடாதுண்ணே."

"என்னங்கறான் அவன்?"

"வேற பக்கங்கறான்."

"அவனச் சும்மா வரச் சொல்லுங்க. நா இங்க மலையக் கண்ணுல பாத்துட்டு நின்னு சொல்றேன். அவனுக்கென்ன தெரியும்?"

போன் கை மாறியது. "அக்கா, நீங்க சொன்னாச் செரிதானுங்க" என்றான் முபாஷிர். குளிரில் அவன் பல் அடித்துக்கொள்வது கேட்டது. "நேரா ஊட்டுக்கே வந்தர்றோம். சோறாக்கி வைங்க."

"வா, வா. கருவாட்டுக் கொழம்பு வெக்கறேன்."

"வாட்டில் மரத்தையே பாத்துப் பாத்து, கருவாடுன்னா..." என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் போன் அணைந்துபோனது.

மைதிலி மீதி டீயைக் குடித்துவிட்டு உள்ளே வந்தாள். "மலையில வழி தப்பிட்டாங்க. இங்கிருந்தே வழி சொல்லி உட்டுட்டேன்" என்று நித்யஸ்ரீயிடம் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "கெட்டிக்காரிதாங்க்கா நீங்க" என்றாள் நித்யஸ்ரீ. அன்று முழுவதும் மைதிலி நூல் பிசிறு வெட்டும்போதெல்லாம், அவர்கள் இந்நேரம் ரோட்டுக்கு வந்திருப்பார்கள், இந்நேரம் செட்டில் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் கம்பெனி வேனிலிருந்து இறங்கியபோது பாரூக் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுகிறவர், சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மேஸ்திரி கூப்புட்டாருங்க அம்மிணி. ரெண்டு பேரும் செட்டுக்கு வரலீங்களாமா."

"வந்திருக்கோணுமே பாய்! காலைல எங்கிட்டப் பேசுனாங்க. நாந்தான் வழி சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"மலை தெரியுதுன்னாருங்க. முதுகக் காட்டி வடக்கால நடங்கன்னு சொன்னேன்."

பாரூக் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். "செரியாத்தான் சொல்லிருக்கீங்க" என்றார். அங்கே நின்றபடியே மேஸ்திரியைக் கூப்பிட்டார். "மேஸ்திரி, அவங்க வடக்கால வர்றாங்களாமுங்க. ஆமாங்க. தெக்குப் பக்கம் போகவே மாட்டாங்க. அங்க தேடி நேரத்தப் போக்காதீங்க. வடக்க ஆள உடுங்க."

அவர் சொல்லச் சொல்ல மைதிலி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே பாரூக்கின் குட்டி வேனில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். வேஸ்ட் மூட்டை ஏற்றி ஏற்றி வண்டிக்குள் எண்ணெயும் பஞ்சுமாக ஒரு வாடை இருந்தது. குல்சார் பேகம் சப்பாத்திக்குள் முட்டையைப் பொரித்து வைத்துச் சுருட்டி, ஒரு பெரிய டப்பா நிறையக் கொடுத்திருந்தாள். அவள் அழவில்லை. "அவன் பசி தாங்க மாட்டான். பாத்த ஒடனே குடுத்துருங்க. அப்பறமேட்டு வைய்யலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பழநியைத் தாண்டி மலை ஏறும்வரை பாரூக் பேசிக்கொண்டே வந்தார். முபாஷிர் சின்ன வயதில் அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தபோது மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறிய கதையைச் சொன்னார். "அவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எங்கியாச்சும் பாறைக்கடியில படுத்திருப்பான். நாம போயித்தான் எழுப்போணும்." கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் பேச்சு குறைந்தது. வண்டி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. முதலில் வலப்பக்கம் தெரிந்த சமவெளி இடப்பக்கம் வந்தது, பிறகு பின்னால் போனது. அதன்பிறகு மரங்களும் மேகமும் மூடிக்கொண்டன. கொடைக்கானலையும் கடந்து போனார்கள். டப்பாவை மைதிலி மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். அதன் சூடு மெல்ல ஆறிப்போவது கைக்குத் தெரிந்தது.

மரங்கள் முடிந்த இடத்தில் மேஸ்திரியின் ஆட்கள் நின்றார்கள். மைதிலி வண்டியை விட்டு இறங்கினாள். இறங்கியவள் வண்டிக் கதவை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

செந்தில்வேல் சொன்னது எதுவும் அவளைத் தயார் செய்திருக்கவில்லை. புல். அவ்வளவுதான். பழுப்பும் பச்சையுமாக மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மரம், ஒரு வேலி, ஒரு கரண்டுக் கம்பம், ஒரு கோபுரம் இல்லை. கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே, அது இல்லை. பார்வை வழுக்கிக்கொண்டே போனது. அடுத்த மேட்டை மேகம் மூடியது. மூடிய மேகம் விலகியபோது அங்கே நின்றது அதே மேடா வேறு மேடா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வானமும் வெள்ளையாக இருந்தது. சூரியன் எங்கே என்று தெரியவில்லை. யாருக்கும் நிழல் விழவில்லை. காற்று மட்டும் புல்லைப் படுக்கவைத்துக்கொண்டே போனது. இதற்குள் எங்கே போய்த் தேடுவது?

காட்டுக்குக் காவலாக இருக்கிற சண்முகவேல் அவர்களோடு வந்தார். மேல்மலைக் கிராமத்துக்காரர். தலையில் மப்ளர் சுற்றியிருந்தார்.

"நேத்து இருட்டுற வரைக்கும் வடக்குச் சரிவு பூராம் பாத்தாச்சும்மா. காலையில இருந்தும் அங்கிட்டுத்தான் பாக்குறாங்க. ஒரு காலடி இல்ல, பீடித்துண்டு இல்ல."

"அவரு பீடி குடிக்க மாட்டாருங்க" என்றாள் மைதிலி.

"அந்தத் தம்பி?"

"அவனுந்தானுங்க" என்றார் பாரூக் அவசரமாக.

மேடு ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். மைதிலி புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவள் அல்ல. முதலில் "ஏனுங்க, ஏனுங்க" என்றுதான் கத்தினாள். அது யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவதுபோல் இருந்தது. பிறகு "செந்திலு!" என்று கத்தினாள். தன் வாயிலிருந்து வந்த அந்தப் பெயர் அவளுக்கே புதிதாக இருந்தது. குரல் எங்கும் மோதித் திரும்பவில்லை. புல் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

மதியம் ஒரு மேட்டின் உச்சியில் பாரூக் நின்றார். "கொஞ்சம் தொழுதுட்டு வந்தர்றனுங்க" என்றார். பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவினார். அந்த நேரம் மேகம் கொஞ்சம் விலகி, எதிரே ஒரு பெரிய மலை கறுப்பாக எழுந்து நின்றது. பாரூக் அதைப் பார்த்தார். மைதிலியும் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் மனது ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. மலை. அதோ இருக்கிறது. பாரூக் அந்த மலை தன் இடக்கைப் பக்கம் வரும்படி திரும்பி நின்று, ஈரப்புல்லின்மேல் துண்டை விரித்தார்.

சண்முகவேல் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாய், தப்பா எடுத்துக்காதீக. நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீக?"

"மேக்கங்க."

"இது கெழக்கு."

பாரூக் திரும்பிப் பார்த்தார். "இல்லீங்க. மலை இந்தக் கையில இருக்குதில்லீங்க? மலை தெக்க. அப்ப இது மேக்கதானுங்களே."

"எந்த மலை?"

"அதானுங்க" என்று பாரூக் கையை நீட்டினார்.

"அது வடக்கு பாய். அதுக்கு அங்கிட்டு எறங்குனாத்தான் பழநி, உங்க ஊரு எல்லாம்."

"வடக்க எப்படீங்க மலை நிக்கும்?" என்று மைதிலி கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது.

சண்முகவேல் அவளை வினோதமாகப் பார்த்தார். "நாம நிக்கிறதே மலைமேலதானம்மா. மலைமேல நின்னா நாலாப் பக்கமும் மலைதான் இருக்கும்."

மைதிலி அந்தக் கறுப்பு மலையைப் பார்த்தபடியே நின்றாள். வீடு, தெரு, ஆறு, தோப்பு, கம்பெனி, மக்காச்சோளக் காடு எல்லாம் அந்த மலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அவள் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். புல்லின் ஈரம் சேலைக்குள் ஏறியது. இதே மலையைத்தான் அவன் பார்த்திருக்கிறான். நேராக முன்னால், பெரிதாக, கறுப்பாக. அவள்தான் முதுகைக் காட்டச் சொன்னாள். திரும்பிட்டீங்களா என்று கேட்டு, உறுதிப்படுத்திக்கொண்டு அனுப்பினாள்.

"தெக்க போனா என்னங்க வரும்?" என்று பாரூக் கேட்டார். துண்டு அவர் காலடியிலேயே கிடந்தது.

"போகப் போகப் புல்லு. அப்பறம் புல்லு முடிஞ்சிரும்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல பாய். பாறை. தேனிப் பக்கம் நெட்டுக்குத்தலா எறங்குது." சொல்லிவிட்டு அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வடக்க தேடுங்கன்னு நீங்கதானே சொன்னீக?"

"நாந்தானுங்க சொன்னேன்" என்றார் பாரூக்.

சண்முகவேல் வாயில் விரலை வைத்து விசில் அடித்து, தூரத்தில் தெரிந்த ஆட்களுக்குக் கையைக் காட்டினார். பிறகு தெற்கே நடக்க ஆரம்பித்தார். பாரூக் துண்டை எடுத்து உதறி, சரியான பக்கம் திரும்பி நின்றார். நின்றவர் கைகளை உயர்த்தாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சண்முகவேலின் பின்னால் போனார்.

அந்த நடை எவ்வளவு தூரம் என்று மைதிலிக்குத் தெரியாது. புல் அடியில் சேறாக இருந்தது. காட்டெருமைச் சாணி கிடந்தது. ஒரு சரிவில் அவள் வழுக்கி விழுந்தபோது பாரூக் திரும்பி வந்து கை கொடுத்தார். "பாத்து வாங்க அம்மிணி."

"என்னய வைய்யுங்க பாய்."

அவர் அவளை இழுத்து நிறுத்தினார்.

"அவன் செரியாத்தான் சொன்னான். இப்படிப் போகக் கூடாதுன்னு சொன்னான். எங்காதுல உழுந்துச்சுங்க. அவனுக்கென்ன தெரியும்னு நாந்தான்..."

"எங்கிட்டச் சொல்லீருந்தாலும் நா அப்படித்தான் சொல்லீருப்பனுங்க" என்றார் பாரூக். அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நடங்க."

விசில் சத்தத்துக்குப் பதில் வந்தது. முதலில் காற்று என்றுதான் நினைத்தார்கள். சண்முகவேல் மறுபடி அடித்தார். கீழே, புல் முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பாறையின் மறைவிலிருந்து "ஓய்" என்று ஒரு குரல். மைதிலி ஓடினாள்.

செந்தில்வேல் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கறுத்திருந்தது. ஒரு கால் கணுக்காலில் வீங்கி, செருப்புக்குள் அடங்காமல் இருந்தது. மேலே இரண்டு சட்டை போட்டிருந்தான். வெளிச்சட்டை அவனுடையது அல்ல. அவளைப் பார்த்ததும் அவன் ஆச்சரியப்படவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தவன்போல் சிரித்தான்.

"வந்துட்டியா புள்ள? வருவேன்னு தெரியும்." பேச்சு குழறியது. கையைத் தூக்கிக் கீழே காட்டினான். "அதா பாரு நம்மூரு. அதா அமராவதி டேமு, வெயில்ல மின்னுது பாரு. மஞ்சு வெலகுறப்பெல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கறேன். நீ சொன்னபடியே வந்தோம். அப்படியே வந்து நின்னுச்சு."

மைதிலி பார்த்தாள். வெகு ஆழத்தில் மேகத்தின் ஓட்டை வழியாக வெயில் பட்ட வயல்கள் தெரிந்தன. தென்னந்தோப்பு தெரிந்தது. தண்ணீர் மின்னியது. ஒரு கணம் அவளுக்கும் அது கொமரலிங்கமாகவே இருந்தது.

பாரூக் மூச்சு வாங்க வந்து நின்றார். செந்தில்வேல் அவரைப் பார்த்து, அவருக்குப் பின்னால் பார்த்தான். சண்முகவேலுக்குப் பின்னால் பார்த்தான்.

"முபாஷிரு எங்கீங்க? பின்னால வர்றானா?"

பாரூக்கும் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"நல்ல பையனுங்க பாயி. வழியெல்லாம் எங்கிட்டச் சண்டை. இந்தப் பக்கம் இல்லண்ணே, இந்தப் பக்கம் இல்லண்ணேன்னுட்டே வந்தான். இங்க வந்து ஊரப் பாத்ததும் சிரிக்கறான். அக்கா சொன்னதுதாண்ணே செரி, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேங்கறான். எனக்குக் கால் பெரண்டுக்குச்சு. எறங்க முடியல. நீங்க இங்கயே இருங்கண்ணே, நா போயி எங்கண்ணன வண்டியோட கூட்டியாறேன்னு சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு எறங்கிட்டான். நேத்துப் பொழுது உழுகறதுக்கு முன்னால." அவன் பாரூக்கின் முகத்தைப் பார்த்தான். "அவன் வந்து சொல்லித்தான நீங்க வந்தீங்க?"

பாரூக்கின் கையில் டப்பா இருந்தது. அவர் அதைக் கீழே வைத்தார். புல்லின் சரிவில் அது நிற்காமல் நகர்ந்தது. குனிந்து பிடித்து, ஒரு கல்லை அண்டக்கொடுத்து, மறுபடியும் வைத்தார்.

"எந்த எடத்துலீங்க எறங்குனான்?" என்று கேட்டார். எப்போதும் பேசுகிற அதே மரியாதையான குரல்.

"அதா, அந்த வடக்கு ஓரத்துலதானுங்க" என்று செந்தில்வேல் கையை நீட்டினான்.

சண்முகவேல் அவர்களுக்கு முன்பே அங்கே போயிருந்தார். விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற இடங்களில் புல் காற்றுக்குப் படுத்துப் படுத்து எழுந்தது. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் அது எழவில்லை. சீப்பால் வாரிவிட்டதுபோல் கீழ்நோக்கிப் படிந்து, பாறை விளிம்பு வரைக்கும் போயிருந்தது. பாரூக் அதன் ஓரமாக, அதை மிதித்துவிடாமல் நடந்துபோய் உட்கார்ந்தார். ஒரு கையை அந்தப் புல்லின்மேல் வைத்தார். சண்முகவேல் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஏம் புள்ள, ஆரும் பேச மாட்டீங்கறீங்க?" என்றான் செந்தில்வேல். பிறகு குரலைக் கூட்டி, "பாயி, முபாஷிரு ஊட்டுலதானுங்களே இருக்கறான்?" என்று கேட்டான்.

கேட்டது பாரூக்கை. பார்த்துக்கொண்டிருந்தது மைதிலியை.